முதலில் யாரிடம் காட்டுவது

எழுதியதை இன்னொருவர் கையில் கொடுக்கத் தயங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களுக்கு இருப்பது எந்தப் பயம் என்பதைத்தான். ஏனென்றால் பயங்கள் இரண்டு. ‘நல்லா இல்லைன்னு சொல்லிடுவாங்களோ’ என்பது ஒன்று. ‘இது என்னைப் பத்தித்தான்னு கண்டுபிடிச்சிடுவாங்களோ’ என்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தயக்கமாகத்தான் தெரியும். நோட்டை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைப்பதும், கைப்பேசியில் கதைக்கு ‘மளிகைக் கணக்கு’ என்று பெயர் கொடுத்துச் சேமிப்பதும் இரண்டிலும் நடக்கும். ஆனால் முதல் பயம் பழகப் பழகக் குறைகிறது. இரண்டாவது பழக்கத்தால் குறைவதில்லை. அதற்குச் சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பி, ‘எனக்குத் தைரியம் இல்லை’ என்று முடித்துக்கொள்வதால்தான் எத்தனையோ பேருடைய எழுத்து வருடக்கணக்கில் பீரோவிலேயே கிடக்கிறது.

நம் வீடுகளில் ஒரு கவிதையைப் படித்ததும் முதல் கேள்வி கவிதையைப் பற்றி வருவதில்லை. ‘யாரும்மா அது?’ என்றுதான் வருகிறது. கதையில் வரும் மாமியார் கொஞ்சம் கடுமையாகப் பேசினால், ‘எங்க அம்மாவைத்தானே எழுதியிருக்க?’ என்கிறார் கணவர். கடன் தொல்லையைப் பற்றி எழுதினால், ‘ஊருக்கெல்லாம் தெரியணுமா?’ என்கிறார் அப்பா. எழுதுகிறவருக்கு இந்தக் கேள்விகள் முன்கூட்டியே கேட்டுவிடுகின்றன. அதனால் காகிதத்தில் கை வைக்கும்போதே பாதியை விழுங்கிவிடுகிறார். விழுங்கிய பாதியில்தான் பெரும்பாலும் உயிர் இருந்திருக்கும்.

ஆகவே இந்த அத்தியாயத்துக்கான முதல் வேலை இது. நீங்கள் எழுதி முடித்த, யாரிடமும் காட்டாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலுடன் உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள். யாராவது தோளுக்குப் பின்னால் நின்று படித்தால் எந்த வரியில் காகிதத்தைத் திருப்பி வைப்பீர்கள் என்று பாருங்கள். அந்த வரிகளின் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள்: வரி சரியாக வரவில்லை என்ற கூச்சம் என்றால் ஒரு கோடு, யாரோ அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற அச்சம் என்றால் ஒரு வட்டம். படித்து முடித்ததும் எது அதிகம் என்று பாருங்கள். கோடுகள் அதிகம் என்றால் அடுத்த இரண்டு பகுதிகள் உங்களுக்கு. வட்டங்கள் அதிகம் என்றால் அவற்றைத் தாண்டி, அடையாளத்தைப் பற்றிய பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

முதல் ஒருவர்

முதலில் படிக்கிறவர் இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அவசியமே இல்லை. அவர் உங்களை அவசரப்படுத்தாதவராக, படித்ததை நாலு பேரிடம் சொல்லாதவராக இருந்தால் போதும். அன்றைக்கு யாருடைய பாராட்டு இல்லாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ, அவரிடம் மட்டும் முதலில் கொடுக்காதீர்கள். கணவன், மனைவி, அம்மா, நெருங்கிய சிநேகிதி என்று யாராக இருந்தாலும், அந்த உறவின் பாரம் முழுவதையும் ஒரு கதையால் சுமக்க முடியாது.

கி. ராஜநாராயணன் விவசாயி. முப்பது வயதைத் தாண்டிய பிறகே அவருடைய முதல் சிறுகதை அச்சில் வந்தது. அதற்கு முன் அவர் எழுதிக்கொண்டிருந்தவை கடிதங்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 என்ற ஒரே ஆண்டில் பிறந்த கு. அழகிரிசாமி அவருக்குக் கிடைத்த வாசகர். இருவரும் பின்னாளில் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். அவர்களுடைய கடிதப் போக்குவரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, ஒருவருக்கு என்று எழுதும்போது சொல்லின் விறைப்பு தானாகவே தளர்ந்துவிடுகிறது என்பதுதான். எதிரே யார் இருக்கிறார் என்பது தெரியும். அவருக்கு எதை விளக்க வேண்டாம் என்பதும் தெரியும். வண்ணதாசனின் கடிதங்களும் இப்படித்தான். அவை ‘எல்லோருக்கும் அன்புடன்’ என்று தனி நூலாகவே வந்திருக்கின்றன.

கதையாகக் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் அதையே கடிதமாக எழுதிப் பாருங்கள். வெளியூரில் இருக்கும் சித்திக்கோ, பழைய ஆசிரியருக்கோ, கூடப் படித்தவருக்கோ எழுதலாம். ‘போன வாரம் மழையில நம்ம தெருவுல ஒண்ணு நடந்துச்சு’ என்று தொடங்கி, நீங்கள் கதையில் வைத்திருந்த சம்பவத்தை அவருக்குச் சொல்லுங்கள். அனுப்புங்கள். பதில் எப்படி வந்தாலும், உங்கள் வாக்கியம் ஒன்று உங்களை விட்டு வெளியே போய் இன்னொருவர் கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த முறை கதையாகவே அனுப்பலாம்.

சிலருக்கு நேர்மாறாக, முகம் தெரியாதவர்தான் வசதி. 1959-இல் சி.சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். அதில் எழுதத் தொடங்கிய தருமு சிவராமு இருபது வயதை ஒட்டிய இளைஞர், திருகோணமலைக்காரர். பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர். நடுவில் கடல் இருந்தது. தெரிந்த ஊரில் தெரிந்த முகத்தின் முன்னால் காட்ட முடியாததைத் தபாலில் தூரதேசத்துக்கு அனுப்ப முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால், அதையே செய்யுங்கள். அது ஓடி ஒளிவது ஆகாது.

கொடுக்கும்போது எப்படிக் கேட்கிறோம் என்பது யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். நீங்கள் இரவெல்லாம் அந்த ‘நல்லாருக்கு’வின் தொனியை ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். ‘எந்த இடத்துல கொஞ்சம் நின்னு படிச்சீங்க? எந்த இடத்துல வேகமா ஓட்டினீங்க?’ இந்தக் கேள்விகளுக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். உங்களுக்கும் அது தாங்கக்கூடியது. எவ்வளவு நேரம் ஆகும், எப்போதைக்குள் படித்தால் போதும் என்பதையும் சொல்லிவிடுங்கள். கருத்தே வேண்டாம், கேட்டால் மட்டும் போதும் என்ற நிலையில் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘இப்ப திருத்தம் ஒண்ணும் வேணாம்க்கா. நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க, போதும்.’ இப்படிச் சொன்னால் பெரும்பாலோர் நிம்மதியாகவே உணர்கிறார்கள். அவர்களுக்கும் என்ன சொல்வது என்ற பயம் இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்: ‘சும்மா கிறுக்கினதுதான், சிரிக்காதீங்க’ என்ற முன்னுரை. அவையடக்கம் நம் மரபில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனை என்று கம்பர் தன்னைச் சொல்லிக்கொண்டார். ஆனால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட ஒரு காவியத்தின் வாசலில் நின்று அதைச் சொன்னார். சொன்னதும் நகர்ந்து காவியத்துக்குள் போய்விட்டார். நாம் செய்வது வேறு. விழப்போகும் அடியின் வலி குறையட்டும் என்று நம் எழுத்தை நாமே முன்கூட்டி அடித்துவைக்கிறோம். கேட்கிறவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொள்கிறார். எழுத்தைக் கேட்பதை விட்டு நம்மைத் தேற்றும் வேலையில் இறங்கிவிடுகிறார். தலைப்பைச் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், படியுங்கள்.

நாலு பேர் முன்னால்

ஒருவர், இரண்டு பேர் என்று பழகிய பிறகு ஒரு கூட்டத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1961-இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றமும், 1975-இல் மதுரையில் உருவான முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் சிறு நகரங்கள் வரை கிளை விட்டவை. நூலகங்களில் வாசகர் வட்டங்கள் உண்டு. இவை எவற்றிலும் சேராமல், ஒரு பள்ளிக்கூட அறையிலோ மொட்டை மாடியிலோ மாதம் ஒருமுறை கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் முறை கேட்பவராக மட்டும் போய் வாருங்கள். புதிதாக எழுதுகிறவர் வாசிக்கும்போது அங்குள்ளவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கவனியுங்கள். பெண்கள் எத்தனை பேர் பேசுகிறார்கள், அவர்கள் பேசும்போது யாராவது குறுக்கிடுகிறார்களா என்பதையும் பாருங்கள். கேலி செய்யும் கூட்டம் என்று தெரிந்தால் திரும்பிப் போக வேண்டாம். எந்த இடத்தில் திறந்து காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதும் தைரியத்தில் சேர்ந்ததுதான்.

வாசிக்கும் நாளுக்குச் சில நடைமுறைக் காரியங்கள். கைப்பேசியைப் பார்த்து வாசிக்காதீர்கள். கை நடுங்கினால் திரை நகர்ந்துவிடும், நடுவில் அழைப்பும் வரும். பெரிய எழுத்தில் அச்செடுத்து, வரிகளுக்கு இடையே நிறைய இடம் விட்டு, மூச்சு விட வேண்டிய இடங்களில் சாய்கோடு போட்டுக்கொள்ளுங்கள். தாள்களைக் கெட்டி அட்டையில் செருகிப் பிடித்தால் நடுக்கம் வெளியே தெரியாது. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முந்தின நாள் வீட்டில் ஒருமுறையாவது முழுக் குரலில் வாசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடறல் நாக்குக்குத் தெரியும். முதல் சில வரிகளில் குரல் எல்லாருக்கும் நடுங்கும். அதை நிறுத்த முயலாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்தால், இரண்டாவது பத்தியில் குரல் தானாக நிலைக்கு வந்துவிடும்.

வாசித்த பின் வரும் கருத்துகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். இது கடினம்; ஆனாலும் இதை வலியுறுத்தியே சொல்வேன். ‘நான் அங்க என்ன சொல்ல வந்தேன்னா’ என்று ஆரம்பித்தால், எழுதியது செய்ய வேண்டிய வேலையை நீங்கள் செய்யத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் இடறியிருந்தால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய ரசனையாக இருக்கலாம். எல்லாம் முடிந்ததும் ‘நன்றி, யோசிக்கிறேன்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம்.

அடையாளம்

இப்போது வட்டம் போட்ட வரிகளுக்கு வருவோம். ‘துணிந்து எழுது, துணிந்து வெளியிடு’ என்று எல்லாரையும் பார்த்து ஒரே குரலில் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒருவர் தன்னைத் திறந்து காட்டினால் கைதட்டு கிடைக்கும். இன்னொருவர் அதே அளவு காட்டினால் வீட்டில் இடம் இருக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும், தனியாக வாழ்கிறவருக்கும் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவருக்கும், ஆதிக்க சாதிக்காரருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் இதன் விலை ஒன்றல்ல.

துவரங்குறிச்சியில் பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு பெண், திருமணத்துக்குப் பிறகு இரவில் வீட்டார் உறங்கிய நேரத்தில் குளியலறையில் நின்று கவிதை எழுதினார். எழுதிய தாள்களை அம்மா வழியாக வெளியே அனுப்பினார். அச்சில் பெயர் ‘சல்மா’ என்று வந்தது. முதல் தொகுப்பு ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ 2000-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில் வென்றார். 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல் வந்தது. இந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் அவருடைய துணிச்சலைப் புகழ்வார்கள், புகழ வேண்டியதுதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. எதை மறைப்பது, யாரை நம்புவது, எப்போது எவ்வளவு வெளியே அனுப்புவது என்று ஒவ்வொன்றையும் அவர் கணித்திருக்கிறார். புனைபெயரும், இரவு நேரமும், அம்மாவின் கையும் சேர்ந்துதான் அந்தக் கவிதைகளை வாசகரிடம் கொண்டுவந்தன.

ஆகவே புனைபெயர் வைப்பதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சி.எஸ். லக்ஷ்மி ஆய்வுகளைத் தன் பெயரிலும் கதைகளை ‘அம்பை’ என்ற பெயரிலும் எழுதுகிறார். பெயர் தேர்ந்தெடுக்கும்போது ஊர், குலதெய்வம், பிள்ளைகளின் பெயர் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஊர்க்காரர்கள் அதிலிருந்தே பிடித்துவிடுவார்கள். உண்மைப் பெயரைத் தெரிந்தவர்கள் யார் யார் என்று உங்கள் மனதில் தெளிவாக இருக்கட்டும். அந்த எண்ணிக்கை சிறியதாக இருக்கட்டும்.

பாத்திரங்களுக்குப் பெயர் மாற்றுவது மட்டும் போதாது. ஊர் ஒருவரைக் கண்டுபிடிப்பது மூக்குத்தியை வைத்து, கடை இருக்கும் திருப்பத்தை வைத்து, ‘மூணு பொண்ணுக்கு அப்புறம் பிறந்த பையன்’ என்பதை வைத்து. தொழிலை மாற்றுங்கள், பிறந்த வரிசையை மாற்றுங்கள், சம்பவம் நடந்த இடத்தை வேறு நிலத்துக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவையும் மாற்றிய பிறகும் கதை உயிரோடு இருந்தால், அந்த உயிர் உங்களுடையது. அதைக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அனுமதி கேட்க வேண்டியவையும் உண்டு. இன்னொருவருடைய நோய், கலைந்த கர்ப்பம், கடன், மறைத்துவைத்த முதல் திருமணம். இவை உங்களுக்குத் தெரிந்தவை, ஆனால் உங்களுடையவை அல்ல. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் காட்டுங்கள். ‘படிச்சுப் பாருங்க மதினி. உங்களுக்குச் சங்கடமா இருந்தா இந்தப் பகுதியை எடுத்துடறேன்.’ உண்மையிலேயே எடுக்கத் தயாராக இருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். நம்மைக் காயப்படுத்தியவரிடம் இப்படிக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே கேள்வி வேறு: இது வெளிவந்தால் யார் வாசலுக்கு வருவார்கள், அன்றைக்கு உங்கள் பக்கத்தில் யார் நிற்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயராவது பதிலாக வரும்வரை காத்திருப்பது நல்லது.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தது. துறவற மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு, தன்னைத் தானே மீட்டுக்கொள்வதற்காக எழுதிய நினைவுகள் அவை. தங்களைப் பற்றி இப்படி எழுதிவிட்டாரே என்று அவருடைய சொந்த ஊர் மக்களே முதலில் கோபப்பட்டார்கள். புத்தகம் என்ன சொல்கிறது என்பது படித்தவர்கள் வழியாகப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கோபம் தணிந்தது. இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நேசித்து எழுதியிருந்தாலும், எழுதப்பட்டவர்களுக்கு முதல் வாசிப்பில் வலிக்கலாம். முதல் எதிர்வினையைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

காலமும் ஒரு பாதுகாப்பு. ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புக்குப் பின், 2015 ஜனவரியில் பெருமாள்முருகன் இனி எழுதப்போவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலையில் நாவலுக்கு ஆதரவாகச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில் வெளியான ‘கோழையின் பாடல்கள்’ தொகுப்பில் இருப்பவை இடைப்பட்ட அந்த மௌன நாட்களில் எழுதப்பட்டவை. எழுதும்போது அவற்றுக்கு வாசகர் இல்லை. வெளியிடும் வேளை பிறகு வந்தது. எழுதுவதும் காட்டுவதும் ஒரே நாளில் நடக்க வேண்டியவை அல்ல. வட்டங்கள் நிறைந்த எழுத்தை நோட்டிலேயே வையுங்கள், ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வட்டம் குறைவாக உள்ள வேறொன்றை முதலில் காட்டுங்கள்.

அனுப்பிய பின்

பத்திரிகைக்கு அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கேட்கும் சொல் அளவைப் பாருங்கள், ஒருங்குறி எழுத்துருவில் அனுப்புங்கள், ஒரு படைப்பை ஒரே நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டும் அனுப்புங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உடன் அனுப்பும் கடிதம் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். கதையின் பொருளை அதில் விளக்க வேண்டாம். பெரும்பாலும் பதிலே வராது. சிற்றிதழ்களைக் கைக்காசு போட்டு, வேலைக்குப் போய்வந்த நேரத்தில் நடத்துகிறார்கள்; அவர்களுடைய மௌனம் உங்கள் எழுத்தின் மீதான கருத்து அல்ல. எவ்வளவு நாள் காத்திருப்பது என்று அனுப்பும் அன்றே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு, பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள். இதற்கிடையில் அடுத்ததை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் முழுவதும் அந்த ஒரே கதையின் மீது போய் உட்கார்ந்துவிடும்.

வெளிவந்தாலும் சரி, ஒருவரிடம் வாசித்துக் காட்டினாலும் சரி, மறுநாள் காலை ஒரு வெறுப்பு வரும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே, திரும்ப வாங்கிவிடலாமா என்று இருக்கும். அனுபவசாலிகளுக்கும் வருகிறது. அன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள், யாருக்கும் மன்னிப்புச் செய்தி அனுப்பாதீர்கள். ஒரு வாரம் கழிந்த பிறகும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றினால் எடுத்துவிடலாம், அது உங்கள் உரிமை. கையால் செய்யும் வேலை எதிலாவது அந்த முதல் நாளைக் கடத்துங்கள்.

இந்த அத்தியாயத்தில் சொன்னதைச் செய்யத் தொடங்கினால் சீக்கிரமே ஒன்று நடக்கும். நீங்கள் எழுதுவது தெரிந்து, யாரோ ஒருவர் தயங்கித் தயங்கித் தன் நோட்டை உங்களிடம் கொண்டுவருவார். தங்கையாக இருக்கலாம், அலுவலகத்தில் எதிர் மேசைக்காரராக இருக்கலாம், அறுபது வயதுப் பெரியப்பாவாகவும் இருக்கலாம். வாங்கியதும் புரட்டாதீர்கள். எப்போது திருப்பித் தர வேண்டும், கருத்து வேண்டுமா வேண்டாமா, வேறு யாருக்காவது தெரியுமா என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ‘யாரு இது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே படித்துவிட்டு, நீங்கள் நின்ற இடம் எது என்று பக்கத்தைத் திறந்து விரல் வைத்துக் காட்டுங்கள். பிறகு அடுத்ததை எப்போது தருவார் என்று கேளுங்கள்.